கறுப்பு வண்டியின் பிரேக் டிரம்

எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் கார் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாததில் நியாயம் உண்டு. அப்பா நெய்வேலிச் சுரங்கத்துக்குச் சைக்கிளில் ஷிப்ட் போய் வந்தவர். எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் ஒரு கட்டிலைப் போட்டால் இன்னொன்றை வாசலில்தான் போட வேண்டும். அந்த வாசலில் ஒரு பெரிய கறுப்புக் கார் நின்றது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துவது போல ஒரு சத்தம் வரும். எங்கள் பிளாக்கில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு வைத்திருந்தவர்களே பெரிய மனிதர்கள். ஆகவே அந்த வருடங்களில் நான் பள்ளிக்கூடத்தில் நடந்துகொண்ட விதம் அவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

கார் எங்களுடையது அல்ல, பெரியம்மாவுடையது. பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பெரியப்பாவின் பங்கு நிலம் சுரங்கத்துக்குப் போனபோது கிடைத்த பணத்தில், எல்லோரும் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவள் அதை வாங்கினாள். அவர்களுடைய தம்பி, என் மாமா, ஓட்டினார். ஆபீசர் வீடுகளில் கல்யாணத்துக்குப் போக, கடலூரில் ரயிலேற்றிவிட, பிரசவத்துக்கு அழைத்துப்போக என்று வாடகைக்கு ஆள் வரும். அதில்தான் அவர்கள் இருவருடைய சாப்பாடும் நடந்தது. இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள்.

பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. குவார்ட்டர்ஸ் கட்ட ஜல்லி ஏற்றிவந்த ஒரு காண்டிராக்டரிடம் அவர் லாரி டிரைவராக இருந்தார். சுரங்கத்தில் தோண்டிய மண்ணை மலைபோலக் கொட்டியிருந்த மேட்டை ஒட்டி ஒரு இறக்கம் உண்டு. ஒரு மாலை, லோடோடு அதில் இறங்கிய லாரி நிற்காமல் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. லாரிக்குப் பெரிய சேதமில்லை. வெளியே தூக்கி எறியப்பட்ட பெரியப்பாதான் பிழைக்கவில்லை. மறுநாள் காலையில் காண்டிராக்டரின் ஆட்கள் லாரியைக் கட்டியிழுத்து மேலே கொண்டுவந்து, ஊரார் பார்க்க ஓட்டி, பிரேக்கை மிதித்துக் காட்டினார்கள். சொன்ன இடத்தில் நின்றது. பிரேக் நன்றாக இருக்கிறது என்றால் தப்பு டிரைவரிடம்தானே? குடித்திருந்தார் என்றார்கள். மதுவிலக்கு இருந்த காலம் அது. அப்படி ஒரு பேச்சு வந்துவிட்டால் இழவு வீட்டுக்கு வருகிறவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்கள். கொஞ்சம் தயவுள்ளவர்கள், குடிக்கவில்லை, தூங்கியிருப்பார் என்றார்கள்.

பெரியம்மா ஆரம்பத்தில் சிலரிடம், "அவரு அப்பிடிப்பட்ட ஆளு இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா ஏதோ பேச்சில், "தூக்கமில்லாம ஓட்டிகினு இருந்தாரு, கண்ணசந்திருப்பாரு" என்றார். மாமாவுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே பெரியப்பாதான். பெரியம்மா பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்தத் தட்டில் இருந்தது கத்தரிக்காய்க் குழம்பு என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. அவள் ஏன் எழுந்தாள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்தது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். கறுப்பு வண்டி பிரேக் போட்டால் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. பிறகு பெடலை மிதித்தால் மாமாவின் காலைத் திருப்பித் தள்ளியது. மந்தாரக்குப்பத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த மிஸ்திரியிடம் விட்டார்கள். அவர் முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த டிரம்மை எடுத்துக் காட்டினார். கவிழ்த்த இரும்புச் சட்டி போல இருந்தது. அதற்குள்ளே இரண்டு கட்டைகள் உண்டு. பிரேக்கை மிதித்தால் அவை விரிந்து சட்டியின் உள்பக்கத்தில் உரசும், சக்கரம் நிற்கும். எங்கள் சட்டியின் உள்பக்கம் இசைத்தட்டைப் போல வரிவரியாக இருந்தது. அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது.

"கடைசல் பட்டறையில குடுத்து வழவழன்னு ஆக்கிடலாமில்ல?" என்றார் மாமா.

"ஏற்கெனவே கடைஞ்சிருக்காங்க. இன்னொரு தரம் கடைஞ்சா அப்பளம் ஆயிடும்" என்றார் மிஸ்திரி. "வேற டிரம்மு பாருங்க. இந்த வண்டிக்கிப் புதுசு இப்பல்லாம் வர்றதில்ல. பழைய கடலூர்ல ஒரு பாய் கடை இருக்குது, அங்கதான் கெடைக்கும்."

மாமா தனியாகப் போய் வருவதாகச் சொன்னார். பெரியம்மா தானும் வருவதாகச் சொன்னாள்.

"இரும்புக் கடைக்கி நீ வந்து இன்னாக்கா பண்ணப்போற?"

"பாக்கறேன்" என்றாள்.

அம்மாவுக்கு அப்போதுதான் தம்பி பிறந்திருந்தான். வீட்டில் என்னை அவன் தூக்கத்தைக் கெடுக்கிறவள் என்று எல்லோரும் கருதிய நேரம். ஆகவே நானும் அனுப்பப்பட்டேன். பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும். பெரியம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கருகில் பிடித்துக்கொண்டே வந்தாள். அப்படியும் குறிஞ்சிப்பாடியில் ஜன்னல் வழியாக என் காலைச் சாப்பாடு போய்விட்டது. மாமாவின் காலடியில் கோணிப்பையில் பழைய டிரம் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது யாராவது ஒருவர் காலில் இடித்தது. மாமா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடலூர் வந்துசேர்ந்தார்.

பாய் கடை, கடை என்று சொல்லும்படி இல்லை. நீளமான ஒரு கூடம், அதன் முடிவு தெரியாத அளவுக்கு இரும்பு. உடைந்த லாரிகளின் முகங்கள், ஸ்டியரிங் வளையங்கள், மாலை மாலையாகக் கம்பியில் கோத்துத் தொங்கிய பல்சக்கரங்கள். கடல்காற்றில் எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய துரு. நடுவே ஒரு மரப்பெட்டிமேல் பாய் உட்கார்ந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, கையில்லாத பனியன். எங்களைப் பார்த்ததும் எழுந்து பெரியம்மாவுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். வாந்தி எடுத்த வயிறு உடனே சரியாகிவிட்டது.

பழைய டிரம்மின் ஆணித் துளைகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனவர், வெகுநேரம் உருட்டிப் புரட்டி, முதலில் ஒன்றைக் கொண்டுவந்தார். விபத்தில் நசுங்கிய இதே மாதிரி ஒரு காரிலிருந்து கழற்றியது. உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. மாமாவுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பிறகு பாய் தயங்கித் தயங்கி ஒரு ஜோடியையும் கொண்டுவந்து வைத்தார். அவற்றைப் பார்த்து நான்கூட முகத்தைச் சுளித்தேன். கிணற்றில் கிடந்த வாளி போல முழுக்கத் துரு. பழைய கிரீஸ் காகிதம் அங்கங்கே ஒட்டியிருந்தது.

"சண்டக் காலத்துல கப்பல்ல வந்தது. எந்த வண்டியிலயும் ஏறாதது. வாங்க ஆளில்லாமக் கெடக்குது" என்றார்.

மாமா கடைக்காரர்களிடம் ஏமாறக் கூடாது என்ற முடிவோடு வந்திருந்தார். பளபளப்பானதைக் கையில் தூக்கி, விரல் முட்டியால் தட்டினார். டொக்கென்றது. "ம், பதமா இருக்குது" என்றார்.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பிக்கு எந்த ஊரு?"

"காடாம்புலியூரு."

"அதான பாத்தேன், பலாத்தோப்பு ஊரு. இது பலாப்பழமில்ல தம்பி. பழம் டொக்குன்னா பழுத்திருக்குது. டிரம்மு டொக்குன்னா எங்கியோ விரிசல் வுட்டிருக்குது." அவர் துருப்பிடித்ததில் ஒன்றை ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, சின்ன ஸ்பானரால் தட்டினார். கோயில் மணி போல நீண்ட சத்தம் கூடம் முழுவதும் போனது. எனக்கு இன்னொரு முறை தட்ட வேண்டும் போலிருந்தது. கேட்டேன், கொடுத்தார். தட்டினேன். மாமா என்னை முறைத்தார்.

பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் பழைய டிரம்மைத் தன் மடியில் வைத்து, உள்ளே நீலம் பாய்ந்த இடங்களைத் தடவிக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் கரி.

"இது ஏன் இப்பிடி நீலமா ஆயிருக்குதுங்க?" என்று கேட்டாள்.

"சூடும்மா. இரும்பு மெலிஞ்சி போச்சி. மெலிஞ்ச இரும்பு சீக்கிரம் சூடாயிடும்."

"சூடானா?"

பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். "சூடானா விரியும். விரிஞ்சிதுன்னா உள்ள இருக்கிற கட்ட அதுக்கு எட்டாது. பெடலு தரையோட போயிரும். கார்ல அவ்ளோ தெரியாது. லோடு லாரி, எறக்கத்துல மிதிச்சிகினே வருதுன்னு வையிங்க, அப்பத் தெரியும்."

"பலமா மிதிச்சா?"

"எவ்ளோ பலமா மிதிச்சாலும் நிக்காது. மிதிக்க மிதிக்க இன்னும் விரியத்தான் செய்யும்."

பெரியம்மாவின் விரல் நீலத்தின் மேலேயே நின்றது. வெளியே ஒரு மாட்டுவண்டி கருவாட்டு மூட்டைகளோடு போயிற்று.

"மறுநாளு காலையில மிதிச்சிப் பாத்தா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ராவெல்லாம் ஆறியிருக்குமில்ல? பழையபடி சுருங்கிடும். நல்லாப் புடிக்கும்."

"ஒண்ணியும் நடக்காத மாதிரி."

"ஒண்ணியும் நடக்காத மாதிரிதாம்மா."

பாய் அவளையே பார்த்தார். அவளுடைய வெறும் நெற்றியையும் பார்த்திருக்க வேண்டும். "யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என் வூட்டுக்காரரு. காலையில லாரிய ஓட்டிப் பாத்து, பிரேக்கு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. அவரு குடிச்சிருந்தாருன்னு சொல்லிட்டாங்க."

பாய் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "அந்த லாரிய நான் பாக்கலம்மா. பாக்காத வண்டியப் பத்தி, இதுதான் நடந்துதுன்னு நான் சொல்லக் கூடாது" என்றார். "ஆனா காலையில புடிச்சிதுங்கறதுக்காக, முந்தின நாளும் புடிச்சிதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது. அத நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

பெரியம்மா தலையை ஆட்டினாள். மடியிலிருந்த டிரம்மைப் பக்குவமாகக் கீழே இறக்கி வைத்தாள். தூங்குகிற பிள்ளையை இறக்குவது போல. "அந்த துருப் புடிச்சதே குடுங்க. ரெண்டும்" என்றாள்.

"ஒரு பக்கந்தான்கா போயிருக்குது. இன்னொன்னு இன்னும் ஓடும்" என்றார் மாமா. சொன்னாரே தவிர, குரலில் தெம்பில்லை.

"ரெண்டும்" என்றாள் மறுபடியும்.

பாய் எங்களுக்கு டீ வரவழைத்தார். டிரம்களைக் கோணியில் போட்டுத் தைத்தும் கொடுத்தார். பஸ் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது மாமா மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் செருப்பின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "அக்கா, நானும்…" என்றார்.

"தெரியும்" என்றாள் பெரியம்மா. "எலுமிச்சம்பழத்த எங்க வச்ச? இவ மறுபடியும் வாந்தியெடுக்கப் போறா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பிற்பாடு மாமா மாறிப்போனார். டீக்கடையிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ யார் கிடைத்தாலும் பெரியப்பா கதையை அவரே எடுப்பார். ஆப்பச்சட்டியையும் இரண்டு கொட்டாங்கச்சியையும் வைத்து, இரும்பு எப்படி விரியும், கட்டை எப்படி எட்டாமல் போகும் என்று விளக்குவார். காதுகொடுத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. அந்தக் காண்டிராக்டர் அதற்குள் வேறு ஊருக்கு வேலை எடுத்துப் போய்விட்டிருந்தார். யாரும் எந்த வார்த்தையையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனாலும் சில வருடங்களில், எங்கள் பக்கத்தில் பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள், "பிரேக்கு புடிக்காமச் செத்தாரே, அவரு" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

டிரம்களின் துருவைத் தேய்த்துப் போக்கியதும் உள்ளே இரும்பு கெட்டியாக, சாம்பல் நிறத்தில் வந்தது. மிஸ்திரி பூட்டிக் கொடுத்து, "புதுக் கட்டை, புது டிரம்மு. ஒண்ணோட ஒண்ணு படிஞ்சி உக்காரணும். காலி ரோடாப் பாத்து, கொஞ்சம் ஓட்டிக் கொஞ்சம் நிறுத்தின்னு பழக்குங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அதற்காகப் புறப்பட்டோம். மாமா ஓட்ட, பெரியம்மா அவருக்குப் பக்கத்தில். பின் சீட்டு முழுவதும் எனக்கே. கொஞ்ச தூரம் போவதும், மெல்ல நிற்பதும், மறுபடி போவதுமாக டவுன்ஷிப்பின் நேர்நேரான ரோடுகளைச் சுற்றினோம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நான் வேண்டுமென்றே முன் சீட்டில் போய் மோதிக்கொண்டு சிரித்தேன். இப்படி ஒரு விளையாட்டைப் பெரியவர்களே ஏற்பாடு செய்து நான் பார்த்ததில்லை.

"போதும், நல்லா உக்காந்திடிச்சி. வூட்டுக்குப் போலாமா?" என்றார் மாமா.

"மண்மேட்டு எறக்கத்துக்குப் போ" என்றாள் பெரியம்மா.

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். மறுப்பு சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். மேட்டின் உச்சிக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. லாரிகள் ஓடாத நாள். ஒரு பக்கம் கொட்டிய மண், மறுபக்கம் முந்திரி மரங்கள். ரோடு நேராகக் கீழே இறங்கி, தூரத்தில் ஒரு திருப்பத்தில் மறைந்தது. மாமா வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பார்ப்பாள் என்று நினைத்திருப்பார் போல. அவள் இறங்கவில்லை.

"வுடு. நான் சொல்ற வரைக்கும் பிரேக்கு போடாத."

"அக்கா, இன்னா பேசற நீ? புள்ள வேற இருக்குது."

"திருப்பத்துக்கு ரொம்ப முன்னாடியே சொல்லிடுவேன். புது டிரம்முதான? நிக்கும். வுடு தம்பி."

மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். பெடலிலிருந்து காலை எடுத்தார். வண்டி முதலில் யோசித்தது. பிறகு உருண்டது. பிறகு ஓடியது. முந்திரி மரங்கள் பின்னால் பறந்தன, ஜன்னல் காற்று என் ரிப்பனைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. வயிற்றுக்குள் ஊஞ்சல் ஆடுவது போலக் கூசியது. நான் கத்திக்கொண்டே எழுந்து, முன் சீட்டின் முதுகைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

பெரியம்மா கண்ணைத் திறந்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் எதையும் பிடிக்கவில்லை, மடியில் இருந்தன. வலது கால் மட்டும் நீண்டிருந்தது. வெறும் தரையை, அங்கே ஒன்றுமே இல்லாத இடத்தை, முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு மிதித்தாள். மறுபடி மிதித்தாள்.

"போடு" என்றாள்.

மாமா போட்டார். வண்டி சத்தமில்லாமல், இழுக்காமல், நேராக நின்றது. திருப்பம் இன்னும் தள்ளி இருந்தது. மாமா ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்துகொண்டார். பெரியம்மாவின் கால் இன்னும் தரையிலேயே அழுந்தியிருந்தது.

நான் கைதட்டினேன். "பெரிம்மா, பிரேக்கு அங்க இல்ல! மாமாகிட்ட இருக்குது!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் திரும்பி என் கன்னத்தைத் தொட்டாள். கை சில்லென்று இருந்தது. "ஆமாண்டி, அங்க இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். பெரியம்மாவுக்குச் சொந்தமாகக் கார் இருந்து என்ன பிரயோஜனம், பிரேக் எந்தப் பக்கம் இருக்கிறதென்றுகூடத் தெரியவில்லை, வெறுந்தரையை மிதிக்கிறாள் என்று, அவள் மிதித்தது போலவே மிதித்துக் காட்டினேன். அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தம்பியை மார்போடு இறுக்கிக்கொண்டு, பெரியம்மா நின்றிருந்த வாசல் பக்கம் பார்த்தாள். நான் சரியாகச் செய்து காட்டவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் பலமாக ஒருமுறை மிதித்துக் காட்டினேன்.